பழைய ஆட்டோமேட்டிக் கார்: கியர்பாக்ஸைக் கழற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய ஆட்டோமேட்டிக் காரில் லீவரை டி-க்குத் தள்ளிய பின்னும் வண்டி ஓரிரு நொடி தாமதித்தே நகர்ந்தாலோ, மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டாலோ, பெரும்பாலோர் ஒர்க்‌ஷாப்பில் முதலில் சொல்வது "கியர்பாக்ஸ் போய்விட்டது" என்பதுதான். தீர்ப்பை நாமே சொல்லிவிட்டால் அங்கே சோதனை நடக்காது. காலையில் முதல் முறை எடுக்கும்போதா, சூடேறிய பிறகா, எந்த வேகத்தில், ரிவர்ஸிலும் உண்டா என அறிகுறிகளை மட்டும் சொல்வதே நல்லது.

இங்கே பேசப்படுவது டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள கியர்பாக்ஸ். 2014-இல் மாருதி செலேரியோ காருடன் இந்தியாவில் அறிமுகமான ஏஎம்டி (கிளட்சையும் கியரையும் ஓட்டுநருக்குப் பதில் கருவியே மாற்றும் முறை) வேறு வகை. அதனுள் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் கிளட்ச் பிளேட்டும் என்பதால், இழுவை குறைந்தால் முதலில் கிளட்சையே சந்தேகிக்க வேண்டும்.

அதிகத் தவறுகள் நடப்பது கியர்பாக்ஸ் ஆயில் விஷயத்தில்தான். இன்ஜின் ஆயிலைப் போலக் குளிர்ந்த வண்டியில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) இழுத்துப் பார்த்து, குறைவாகத் தெரிகிறதே என்று ஊற்றிவிடுகிறார்கள். சூடேறியதும் ஆயில் விரிந்து அளவு மிஞ்சிவிடும். சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்க, அழுத்தம் குறைந்து கியர் நழுவத் தொடங்கும். பல கார்களில் சமதளத்தில், வண்டி நன்கு சூடான பின், இன்ஜின் ஓடும்போதே அளவு பார்க்க வேண்டும். ஹோண்டாவில் சூடான இன்ஜினை அணைத்த உடனே பார்க்க வேண்டும். ஆகவே கையேட்டைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பார்த்தால் நிலைமை ஓரளவு தெரிந்துவிடும். சிவப்பு நிறம் பழுப்பாகி, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் கருகியிருக்கலாம். பால் கலந்தாற்போல் இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டருக்குள் இந்த ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கலாம், அப்போது வண்டியை ஓட்டவே கூடாது. அளவு உண்மையிலேயே குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்; இந்த ஆயில் எரிந்து தீர்வதில்லை.

"எல்லா வண்டிக்கும் ஆகும்" என்று கடையில் தரும் டப்பாவை நம்புவதும் தவறே. பழைய ஹூண்டாய் பலவற்றுக்கு எஸ்பி-III, பிந்தைய டொயோட்டாக்களுக்கு டபிள்யூஎஸ் என ஆயில் மாறுபடும். பெல்ட் அல்லது சங்கிலியால் இயங்கும் சிவிடி வகை ஆட்டோமேட்டிக்குக்கு உரியது முற்றிலும் வேறு. கீழே திறந்துவிட்டால் பாதிக்கும் குறைவாகவே வெளியேறும், மீதி கன்வெர்ட்டரிலேயே நிற்கும். ஆகவே நீண்ட காலம் மாற்றாத வண்டியில் இடையிடையே ஓட்டி, இரண்டு மூன்று முறை மாற்றுவதே என் பார்வையில் மெஷின் வைத்து அடித்துக் கழுவுவதைவிடப் பாதுகாப்பானது. ஏற்கெனவே தேய்ந்துவிட்ட கிளட்சைப் புது ஆயில் மீட்டுத் தராது; பழியை மட்டும் அது ஏற்றுக்கொள்ளும்.

கியர்பாக்ஸின் குற்றமே அல்லாதவையும் உண்டு. டி-யில் போட்டதும் 'டொம்' என்று இடித்தால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் போயிருக்கலாம். பி-யிலிருந்து லீவர் அசையாவிட்டால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். அதன் சுவிட்ச் போனாலும் லீவர் பூட்டியே நிற்கும். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் நடுக்கத்துக்கு, டார்க் கன்வெர்ட்டரை நேரடி இணைப்பாகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் காரணமாகலாம், தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும் காரணமாகலாம். ஆக்சிலரேட்டரை மாற்றாமல் பிரேக்கை மெல்லத் தொட்டதும் நடுக்கம் மறைந்தால் சந்தேகம் லாக்-அப் மீது விழும். இதை வெறிச்சோடிய சாலையில், மெக்கானிக் ஓட்டிப் பார்ப்பதே சரி.

டி விளக்கு மின்னி, வண்டி ஒரே கியரில் நின்றுவிட்டால் பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பிழைக் குறியீட்டை அழித்துவிடக் கூடாது. மலிவான ஸ்கேனர் பி0700 என்று மட்டும் காட்டினால், கியர்பாக்ஸ் கணினியில் வேறு குறியீடு பதிவாகியிருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். அதைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போக வேண்டும்.

நடுவழியில் நின்ற வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். இன்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸின் பம்ப்பும் ஓடாது; இயக்கும் சக்கரங்கள் தரையில் உருண்டால் உள்ளே ஆயில் போகாமல் பாகங்கள் உரசித் தேயும். முழு வண்டியையும் ஏற்றிச் செல்லும் லாரியே தேவை. பழைய கியர்பாக்ஸ் வாங்கிப் பொருத்த முடிவெடுத்தால், மாடல் குறியீடு பொருந்துவதைப் பார்த்துக்கொள்வதுடன், கூலரையும் அதன் குழாய்களையும் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். கெட்டுப்போன கியர்பாக்ஸ் விட்டுச் சென்ற இரும்புத் துகள் அங்கேயே இருந்தால் மாற்றிப் பொருத்திய கியர்பாக்ஸும் விரைவில் கெடும்.