மேடைத் துன்பியல் நாடகத்தை சாமுராய் படமாக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தையோ லியர் மன்னனையோ எடுத்துக்கொண்டு, ஸ்காட்லாந்துக் கோட்டையை ஜப்பானியக் கோட்டையாக மாற்றி, கிரீடத்தைக் கழற்றிவிட்டுக் கொம்பு வைத்த தலைக்கவசத்தை மாட்டிவிட்டால் சாமுராய் படம் தயார் என்று நினைக்கிறவர்கள் நிறைய. திரைக்கதை எழுதப் பழகுகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்த பயிற்சியும் இதுதான். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவா 1957-இல் மேக்பெத்தை ‘த்ரோன் ஆஃப் பிளட்’ ஆக்கினார், 1985-இல் லியரை ‘ரான்’ ஆக்கினார், இரண்டும் பிரமாதமாக வந்தன, ஆகவே நாமும் செய்யலாம். செய்யலாம்தான். ஆனால் அந்த இரண்டு படங்களையும் நாடகப் பிரதியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர் மாற்றாமல் விட்டது எவ்வளவு குறைவு என்பது தெரியும்.

முதல் தவறு, எழுத உட்காரும் முன்பே நடந்துவிடுகிறது. இந்தக் குற்றத்தைப் பார்த்து அந்த ஊரில் அந்தக் காலத்தில் யார் அதிர்ச்சி அடைவார்கள் என்று கேட்டுக்கொள்வதே இல்லை. மேக்பெத் எழுதப்பட்டது 1606-ஐ ஒட்டி. அப்போது இங்கிலாந்தின் அரியணையில் இருந்தவர் ஸ்காட்லாந்திலிருந்து வந்த முதலாம் ஜேம்ஸ், நாடகத்தில் மேக்பெத்தின் நண்பனாக வரும் பாங்கோவின் வழி வந்தவராகச் சொல்லப்பட்டவர். அந்த நாடகத்தில் மேக்பெத் கொல்லும் டங்கன் நல்ல அரசன். அரசனைக் கொல்வது கடவுள் வைத்த ஒழுங்கையே உடைப்பது, அதனால்தான் அந்த இரவில் குதிரைகள் ஒன்றையொன்று கடித்துத் தின்கின்றன, பகலிலும் இருட்டிக்கொள்கிறது. இதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் செங்கோக்கு காலத்தில், அதாவது 1467-இல் ஓனின் போர் தொடங்கியதிலிருந்து நூறு வருடத்துக்கும் மேல் நாடே அடித்துக்கொண்ட காலத்தில் வைத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கீழே இருப்பவன் மேலே இருப்பவனைக் கவிழ்ப்பது அங்கே வாடிக்கை. 1582-இல் அகேச்சி மிட்சுஹிதே தன் தலைவன் ஓடா நொபுனாகாவை ஹொன்னோஜி கோவிலில் வளைத்து முடித்துவிட்டான்; இரண்டு வாரம் போவதற்குள் அவனையும் தோற்கடித்துவிட்டார்கள். வானம் இருட்டியதாக யாரும் சொல்லவில்லை.

குரோசவா இதைச் சரியாகப் பிடித்தார். அவருடைய படத்தில் கொலையாகும் பிரபுவே தன் பழைய தலைவனைக் கொன்றுவிட்டு மேலே வந்தவன். படத்தின் மேக்பெத்தான வாஷிசுவின் மனைவி அசாஜி அதைத்தான் முதலில் நினைவுபடுத்துகிறாள். சூனியக்காரியின் குறி பற்றி உன் நண்பன் மிகி பிரபுவிடம் சொல்லிவிட்டால் அவர் உன்னைச் சும்மா விடுவாரா, அவர் எப்படி அந்த இடத்துக்கு வந்தார் என்று உனக்குத் தெரியாதா என்கிறாள். இங்கே தூண்டுவது பேராசையைவிடப் பயம்தான். நீ கொல்லாவிட்டால் கொல்லப்படுவாய். நாடகத்தில் பாவமாக இருந்தது படத்தில் ஒரு சுழற்சியாகிவிட்டது, இவனுக்கு முன்னால் ஒருவன் செய்தான், இவனுக்குப் பின்னால் இன்னொருவன் செய்வான். இந்த ஒரு மாற்றம் சரியாக அமைந்ததால்தான் மற்ற மாற்றங்களெல்லாம் தாமாக வந்து உட்கார்ந்தன என்பது என் எண்ணம்.

அடுத்தது வசனம். ஷேக்ஸ்பியரை எடுக்கிறோம் என்றாலே தனிமொழிகளைக் காப்பாற்றியாக வேண்டும் என்று ஒரு பதற்றம் வந்துவிடுகிறது. கவசம் போட்ட ஒருவன் ஜன்னல் ஓரம் நின்று, நாளைக்கும் நாளைக்கும் நாளைக்கும் என்று முணுமுணுத்தால், அல்லது அதையே பின்னணிக் குரலாக ஓட்டினால், படம் அங்கேயே நின்றுவிடும். மேடையில் அந்தச் சொற்கள் வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. அங்கே இருட்டு, காற்று, குதிரை எல்லாவற்றையும் சொல்லால்தான் கொண்டுவர வேண்டும். சினிமாவில் காற்று நிஜமாகவே அடிக்கிறது.

கொலை நடக்கும் இரவை த்ரோன் ஆஃப் பிளட்டில் பாருங்கள். முன்பு ஒரு துரோகி தற்கொலை செய்துகொண்ட அறை, சுவரில் கழுவியும் போகாத ரத்தக்கறை. அசாஜி எழுந்து கதவுக்கு அப்பால் உள்ள இருட்டுக்குள் போகிறாள், மறைந்தே போகிறாள், கொஞ்ச நேரம் கழித்து மது ஜாடியோடு அந்த இருட்டிலிருந்து வருகிறாள். அவள் பட்டுடை தரையில் உரசும் சரசரப்பு மட்டும்தான் கேட்கிறது. காவலர்கள் குடித்துவிட்டுத் தூங்குகிறார்கள், அவள் ஈட்டியைக் கொண்டுவந்து கணவன் கையில் கொடுக்கிறாள், அவன் போகிறான். கொலையை நாம் பார்ப்பதில்லை, காத்திருக்கும் அவளைத்தான் பார்க்கிறோம். அவன் ரத்தம் சொட்டும் ஈட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார, அவள் அதை அவன் விரல்களிலிருந்து பிடுங்கி, காவலன் கையில் செருகிவிட்டு வந்து கை கழுவுகிறாள். இவ்வளவுக்கும் பேச்சே கிடையாது. நாடகத்தில் இதே இடத்தில் எத்தனை வரிகள்! அதில் ஒரு வரியையும் காப்பாற்றாமலே அந்த வரிகளுக்குள் இருந்த கனத்தைக் கொண்டுவந்துவிட்டார்.

முகமூடி அணிந்து மெதுவான அசைவுகளோடு நடிக்கும் ஜப்பானின் பழைய நோ நாடகத்தைப் பயன்படுத்துவதிலும் இதே குழப்பம் இருக்கிறது. ஜப்பான் என்று காட்டுவதற்காக ஒரு முகமூடியைச் சுவரில் மாட்டுவது, நடுவில் ஒரு புல்லாங்குழலை ஊதவிடுவது எல்லாம் ஹோட்டல் வரவேற்பறை அலங்காரம் மாதிரிதான். குரோசவா நோவை நடிப்பு முறையாக எடுத்துக்கொண்டார். வாஷிசுவாக நடித்த தோஷிரோ மிஃபூனேவுக்குப் போர்வீரன் முகமூடி ஒன்றையும், அசாஜியாக நடித்த இசுசு யமடாவுக்கு ஒரு பெண் முகமூடியையும் காட்டி, இந்த முகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதனால்தான் அசாஜி அசையாமல் உட்கார்ந்திருக்க, வாஷிசு கூண்டுப் புலிபோல அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறான். முகத்துக்கு நெருக்கமாகக் கேமரா போவதும் குறைவு. உணர்ச்சி வேண்டும் என்றால் உடனே குளோஸ்அப் என்று பழகிய நமக்கு இது முதலில் கொஞ்சம் விலகலாகக்கூடத் தெரியும்.

மூன்று சூனியக்காரிகளையும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. குரோசவாவின் படத்தில் காட்டுக்குள் ஒரு குடிசை, அதில் ராட்டை சுற்றும் ஒரே ஒரு வெளிறிய கிழவி, மனித ஆசையின் அற்பத்தைப் பாடுகிறாள். நோ மரபில் இப்படி நூல் நூற்கும் கிழவி ஏற்கெனவே இருக்கிறாள் என்பதால் அவளை வெளியிலிருந்து இறக்குமதி செய்யத் தேவையிருக்கவில்லை.

இப்போது பாத்திரங்கள். ஒரு தாளில் கோடு போட்டு, இடது பக்கம் நாடகப் பெயர், வலது பக்கம் ஜப்பானியப் பெயர் என்று எழுதுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ரானில் அப்படி ஒரு பட்டியலே போட முடியாது. லியருக்கு மூன்று மகள்கள். ரானின் கிழப் பிரபு ஹிடெடோராவுக்கு டாரோ, ஜிரோ, சபுரோ என்று மூன்று மகன்கள், ஏனென்றால் அந்தக் காலத்துப் போர்ப் பிரபு கோட்டைகளை மகள்களுக்குப் பிரித்துக் கொடுப்பது நம்பும்படி இருக்காது. உண்மையில் அந்தக் கதையின் விதை லியரில் இல்லை. மோரி மொட்டோனாரி என்ற பிரபு, மூன்று அம்புகளைச் சேர்த்துப் பிடித்தால் ஒடிக்க முடியாது என்று மூன்று மகன்களுக்கும் ஒற்றுமையைப் போதித்ததாக ஒரு கதை உண்டு. அந்த மகன்கள் நல்லவர்களாக இல்லாமல் போயிருந்தால் என்ற கேள்வியிலிருந்துதான் குரோசவா ஆரம்பித்தார், லியர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. படத்தில் இளைய மகன் சபுரோ அந்த மூன்று அம்புகளையும் முழங்காலில் வைத்து ஒடித்தே காட்டிவிடுகிறான்.

சரி, மகள்களின் குரூரம் எங்கே போயிற்று? டாரோவின் மனைவி கயேடேவிடம் போயிற்று. ஆனால் அவள் லியரின் மூத்த மகள்களான கோனரிலுமில்லை, ரீகனுமில்லை. அவள் குடும்பத்தை அழித்து அவர்களுடைய கோட்டையைப் பிடுங்கியவர் இதே ஹிடெடோரா, பிடுங்கிய அதே கோட்டைக்கு அவளை மருமகளாகக் கொண்டுவந்தார். ஆக, அந்த வீட்டை உள்ளேயிருந்து இடித்துத் தள்ள அவளுக்கு முழு நியாயம் இருக்கிறது. லியருக்குக் கடந்த காலமே இல்லையே, இவ்வளவு அதிகாரம் இந்தக் கிழவனுக்கு எப்படி வந்தது என்பது குரோசவாவை உறுத்தியிருக்கிறது. அதற்குப் பதிலாகத்தான் கயேடே வருகிறாள், கண் தோண்டப்பட்ட சுருமாரு வருகிறான். புயலில் ஒதுங்க இடம் தேடி ஹிடெடோரா நுழையும் குடிசை அந்த சுருமாருவுடையது. அவன் கண்களைத் தோண்டியவரும் இவரேதான். மூலத்தில் கிளாஸ்டர் பிரபுவின் கண்ணை வேறு ஆட்கள் பிடுங்குவார்கள், லியருக்கு அதில் பங்கில்லை. இங்கே பழி நேராக நாயகன் தலையில் விழுகிறது, அப்புறமும் அவரைப் பார்த்து நமக்குப் பரிதாபம் வருகிறது என்பதுதான் கஷ்டமான வேலை.

செப்புக்கு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சாமுராய் என்றதும் வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் காட்சியைக் கடைசியில் வைத்துவிட எல்லோருக்கும் கை பரபரக்கிறது. வெள்ளை உடை, விழும் செர்ரிப் பூ, மானம், விசுவாசம். நமக்குத் தெரிந்த அந்தப் புஷிடோ, அதாவது சாமுராய் ஒழுக்க நெறி, பெரும்பாலும் சண்டையெல்லாம் ஓய்ந்தபின் உருவான இலட்சியம், அதை உலகம் முழுக்கக் கொண்டுபோன நிதோபே இனாசோவின் புத்தகம் 1900-இல் வந்தது. செங்கோக்கு காலத்தில் கட்சி மாறுவது சர்வ சாதாரணம். 1600-இல் செகிகஹாரா போரின் முடிவையே கொபயாகாவா ஹிதேஅகி நடுப்போரில் கட்சி மாறித்தான் தீர்மானித்தான். ரானில் இந்தச் சடங்கு எப்படி வருகிறது என்று கவனியுங்கள். மூன்றாவது கோட்டை எரிகிறது, ஹிடெடோரா உயிரை விட நினைக்கிறார், கையில் உருப்படியான வாள் இல்லை. கௌரவமான சாவும் கிடைக்காமல், பித்துப் பிடித்து, எரியும் கோட்டையிலிருந்து படியிறங்கி வருகிறார், இரு பக்கப் படையும் வழிவிட்டு ஒதுங்குகிறது. ஃபூஜி மலைச்சரிவில் நிஜமாகவே கட்டி நிஜமாகவே எரித்த கோட்டை அது. அதற்கு முன் நடக்கும் படுகொலையில் சண்டைச் சத்தத்தையே எடுத்துவிட்டார்கள், டோரு டகேமிட்சுவின் இசை மட்டும் போகிறது, டாரோவின் முதுகில் ஒரு துப்பாக்கிக் குண்டு பாயும்போதுதான் உலகத்தின் சத்தம் திரும்ப வருகிறது. செலவு செய்து எடுத்த போர்க்காட்சி என்பதற்காக ஒவ்வொரு வாளுக்கும் ‘சிங்’ என்று ஒலி சேர்க்கிறவர்கள் இதை நாலு தடவை பார்க்கலாம்.

முடிவுச் சண்டையும் அப்படித்தான். நாடகத்தில் மேக்பெத்தைக் கொல்லும் மேக்டஃபும் மேக்பெத்தும் நேருக்கு நேர் மோதுவதை சாமுராய் படத்தில் வைக்காமல் விடுவதா என்று தோன்றும். குரோசவா விட்டார். காடு நகர்ந்து வந்தால் ஒழியத் தோல்வியில்லை என்ற குறியை வாஷிசுவே பெருமையாகப் படைவீரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறான். காடு நகர்கிறது. அவனுடைய ஆட்களே அவன்மேல் அம்பு மழை பொழிகிறார்கள், அதில் நிஜ அம்புகளும் உண்டு, மிஃபூனேயின் முகத்தில் தெரியும் பயத்தில் பாதி நடிப்பே இல்லை. தலைவனைக் கொன்றவனை அவன் ஆட்களே கொல்வதுதான் அந்தச் சுழற்சிக்குப் பொருத்தம், வெளியிலிருந்து ஒரு நல்லவன் வந்து நீதி வழங்கியிருந்தால் முன்னால் கட்டியதெல்லாம் வீண்.

கடைசியாக, காலத்தைத் தேர்ந்தெடுப்பது. எல்லா நாடகத்தையும் செங்கோக்கில் திணிக்க வேண்டாம். 1603-க்குப் பிறகு தோக்குகாவா ஆட்சி, எடோ காலம், நிலைமையே வேறு. அங்கே மேக்பெத் ஒரு நாள் தாங்க மாட்டான், நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் அரசு நிலத்தைப் பறித்துக்கொண்டு கதையை முடித்துவிடும். 1701-இல் அசானோ பிரபு எடோ கோட்டைக்குள் வாளை உருவியதற்கே அன்றைய தினமே செப்புக்கு ஆணை, அப்புறம் அவருடைய ஆகோ நிலமும் போயிற்று. ஆனால் ஹாம்லெட்டை அங்கே வைத்துப் பாருங்கள். தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்குவது எடோவில் அனுமதி பெற்றுச் செய்யக்கூடிய கடமை, முறையாகப் பதிவு செய்துகொண்டு கிளம்பலாம். அப்படியானால் ஹாம்லெட் ஏன் தயங்க வேண்டும்? அனுமதி தர வேண்டிய பிரபுவே கொலைகாரச் சித்தப்பாவாக இருந்தால்? தத்துவக் குழப்பமாக இருந்த தயக்கம் ஒரு அலுவலகச் சிக்கலாகி, இன்னும் கொடூரமாகிவிடும்.

என்னைக் கேட்டால் எடோவுக்கு ஆன்டிகனிதான் பொருத்தம், அரசன் தடுத்தும் சகோதரன் உடலை அடக்கம் செய்யத் துணியும் பெண்ணின் கிரேக்க நாடகம் அது. தூக்கி நிறுத்திய பலகையில் குற்றவாளியின் தலையைக் காட்சிக்கு வைத்து, உடலை வாள் கூர் பார்க்கக் கொடுத்து, அடக்கம் செய்ய விடாமல் தடுக்கும் தண்டனை அங்கே நிஜமாகவே இருந்தது. கொள்ளைக்காரனாகப் பிடிபட்ட ஒரு ரோனின் (தலைவனில்லாத சாமுராய்), நகரத்துச் சாதாரண மக்கள் நடுவே வாழும் அவன் தங்கை, இரவில் அந்தத் தலையை எடுக்கப் போகிறாள். நடப்பதைப் பார்த்துக் கூட்டாகப் பேசும் கிரேக்கக் கோரஸை என்ன செய்வது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். ஐந்தைந்து வீடுகளாகக் குழு சேர்த்து, ஒருவர் தப்பு செய்தால் குழுவே பொறுப்பு என்று வைத்திருந்த முறை ஒன்று உண்டு. அந்த நாலு பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் கோரஸ். அவள் மேல் பாசமும் இருக்கிறது, அவளால் தங்கள் தலையும் போய்விடுமோ என்ற நடுக்கமும் இருக்கிறது.