ரோஸ்டருக்கு நடுவே நாவல் எழுதுவது எப்படி

நாவல் எழுதப்போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் சொல்வது, தினமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து எழுது என்பதுதான். விமானம் ஓட்டுகிறவருக்கு அது நடக்காது. இன்று விடியற்காலை டூட்டி, நாளை மறுநாள் ராத்திரி முழுக்கப் பறக்க வேண்டும், அதற்கடுத்த நாள் வேறொரு கண்டத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பட்டப்பகலில் தூங்க வேண்டும். அதனால் மணிக்கணக்கை விட்டுவிடுங்கள், காட்சிக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரோஸ்டர், அதாவது டூட்டி அட்டவணை, கைக்கு வந்ததும் ஒவ்வொரு லேஓவருக்கும் (வெளியூரில் தங்கி ஓய்வெடுக்கும் இடைவெளி) ஒரு காட்சி என்று எழுதி வையுங்கள். இரண்டு பக்கம் வந்தால் போதும்.

ஆண்டுக்கு 900 அல்லது 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று பல நாடுகளில் வரம்பு இருக்கிறது. மீதியெல்லாம் எழுதும் நேரம் என்று நினைத்துவிடாதீர்கள். கூப்பிட்டால் கிளம்பத் தயாராகக் காத்திருக்கும் ஸ்டேண்ட்பை, சிமுலேட்டர் பயிற்சி, தூக்கக் கடன் எல்லாம் அதில்தான் கழியும். ஹோட்டல் அறைக்குப் போனதும் முதலில் தூங்குங்கள், எழுந்து குளித்த பிறகு எழுதுங்கள். அடுத்த டூட்டிக்கு முந்தைய தூக்கத்தில் மட்டும் ஒரு நிமிடம்கூடக் கை வைக்காதீர்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் உங்களை நம்பி ஏறியவர்கள்.

காக்பிட்டில் எழுதவே கூடாது. 10,000 அடிக்குக் கீழே தேவையில்லாத பேச்சுகூடக் கூடாது என்று அமெரிக்காவில் 1981-லேயே விதி வந்துவிட்டது. மேலே போய் க்ரூஸில், அதாவது ஒரே உயரத்தில் சீராகப் பறந்துகொண்டிருக்கும்போதும் எழுத்து வேண்டாம், கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும். ஒருமுறை இடிமேகங்களுக்குப் பக்கத்தில் போனபோது முன் கண்ணாடியில் ஊதா நிற நரம்புகள் ஓடி ஓடி மறைந்தன. இடிமேகத்தின் மின்சாரத்தால் விமானத்தின் மேல் தோன்றும் ஒளி, செயின்ட் எல்மோ ஃபயர் என்பார்களே, அதுதான். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் எனக்குக் காட்சியாகக் கிடைத்தது கோ-பைலட்டின் கை. காபிக் கோப்பையை எடுக்க நீண்டது பாதியிலேயே நின்றுவிட்டது. இறங்கி, எஞ்சின் அணைத்து, வேலையெல்லாம் முடிந்த பிறகு அந்தக் கையை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

நமக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிடுவதுதான் பெரிய ஆபத்து. என் முதல் கோ-அரவுண்ட் காட்சி (தரையிறங்காமல் மறுபடி மேலே ஏறுவது) த்ரஸ்ட், ஃபிளாப், கியர், ஏடிசி என்று அரைப் பக்கம் போனது. படித்த நண்பர், "சரி, அவன் பயந்தானா?" என்று கேட்டார். அப்புறம் திருத்தி எழுதினேன்: ரன்வே விளக்குகள் மூக்குக்கு அடியில் நழுவிப் போகின்றன, அவன் "கோ-அரவுண்ட்" என்கிறான், தன் குரல் நடுங்கவில்லை என்பதைக் கேட்டுக்கொள்கிறான். அவ்வளவுதான். ஒரு காட்சிக்குத் தொழில் சொல் ஒன்று போதும், அதைச் சொல்லும் ஆள் யாரென்று தெரிந்தால் வாசகர் பின்னாலேயே வந்துவிடுவார்.

விசாரணையில் இருக்கும் சம்பவங்கள், பாதுகாப்பு நடைமுறைகள், சக ஊழியர் நம்பிச் சொன்ன வீட்டு விஷயங்கள், இவை மூன்றும் நாவலுக்குள் வரக் கூடாது. வெளியிடும் முன் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

பிரசுரத்துக்குப் பொறுமை வேண்டும். விமானப் பணிப்பெண்ணாக இருந்த டி. ஜே. நியூமன், பயணிகள் தூங்கும் இரவு விமானங்களில் தன் முதல் நாவலை எழுதியவர். எழுத்தாளருக்காகப் பதிப்பகங்களிடம் பேசும் ஏஜென்ட்டுகளில் 41 பேர் வேண்டாம் என்ற பிறகுதான் ஒருவர் சரி என்றார், 2021-ல் புத்தகம் வந்தது.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் உதவியது. பத்து நாள் இடைவெளிக்குப் பிறகு திரும்பினால் கதை அந்நியமாகத் தெரியும். நீண்ட பயணத்தில் மாற்று பைலட் வந்து உட்காரும்போது எங்கே இருக்கிறோம், எரிபொருள் எவ்வளவு, முன்னால் வானிலை எப்படி, என்ன பாக்கி என்று சொல்லிவிட்டுத்தானே எழுந்திருக்கிறோம்? எழுதி முடித்ததும் உங்களுக்கே அப்படி ஒரு ஹேண்ட்ஓவர் எழுதி வையுங்கள். என் நோட்டில் கடைசியாக இருப்பது இது: "இரவு 2 மணி. அக்கா சமையலறையில். கடிதத்தைப் படித்துவிட்டாள், தம்பிக்குத் தெரியாது. அடுத்து அவன் தண்ணீர் குடிக்க வருகிறான்."