சொந்தமாக இழைப்புளி செய்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளி சரியாகச் சீவவில்லை என்றால் நாம் முதலில் சந்தேகப்படுவது அதன் வெட்டும் தகட்டைத்தான். கழற்றி, மறுபடி சாணை பிடித்து மாட்டுவோம். அப்புறமும் மரம் சிலும்பும். கையால் செய்த இழைப்புளியில் குறை பெரும்பாலும் கட்டையிலோ, அதில் தகட்டை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பிலோதான் இருக்கும்.

கட்டையில் நடக்கும் பெரிய தவறு, காயாத மரம். காய்ந்தது என்று மரவாடியில் சொன்னதை நம்பி ஓர் அக்டோபரில் வேங்கைத் துண்டு ஒன்று வாங்கி வந்து, அந்த வாரமே தகட்டின் நுனி அடியில் எட்டிப் பார்க்கும் திறப்பை, அதாவது வாயை, வெட்டினேன். சென்னையின் மழை ஓய்ந்து தை பிறந்தபோது அடிப்பரப்பு முறுக்கிக்கொண்டிருந்தது. ஓர் அங்குல கனத்துக்கு ஓராண்டு காய வேண்டும் என்பது பழைய கணக்கு. நமக்கோ இரண்டரை அங்குலக் கட்டை தேவை. அதனால் பழைய வீடு இடித்த தேக்குச் சட்டம் கிடைத்தால் விடாதீர்கள். ஆணி இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பாருங்கள். தேக்கு அதிகம் முறுக்காது, ஆனால் அடி சீக்கிரம் தேயும். நன்றாகக் காய்ந்த கருவேலம் அதைவிட நாள் தாங்கும். எந்த மரமானாலும் நடுவிலுள்ள வைரப் பகுதியையே எடுங்கள், பட்டையை ஒட்டிய வெண்மரம் வேண்டாம்.

நாரோட்டத்தையும் பலர் கவனிப்பதில்லை. பக்கவாட்டில் பார்த்தால் நார் முன்னிருந்து பின்னாகக் கீழிறங்க வேண்டும். அப்போதுதான் தள்ளும்போது அடிப்பரப்பின் நார் படிந்தே போகும். திருப்பி வெட்டிவிட்டால் அது சொரசொரத்துக்கொண்டே இருக்கும்.

தகடு சாயும் கோணம் 45 டிகிரி போதும். நார் பின்னிக் கிடக்கும் மரங்களையே அதிகம் இழைப்பவர் 50 வைக்கலாம். வாயை முதலிலேயே அகலமாக வெட்டிவிடாதீர்கள். அடியை மட்டம் செய்யும் ஒவ்வொரு முறையும் அது தானாகவே கொஞ்சம் விரியும். மெல்லிய சுருள் எடுக்க தகட்டின் முன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியே வேண்டும்.

இனி ஆப்பு. நான் அதிக நாள் தடுமாறியது இதில்தான். ஆப்பு மேலே இறுகி, கீழ்நுனியில் தளர்வாக இருந்தால் வெட்டும் இடத்தில் தகட்டைப் பிடிக்க ஆள் இல்லை. தகடு அதிரும், மரத்தில் அலை அலையாகக் கோடு விழும், சுருள் ஆப்பின் நுனிக்கடியில் புகுந்து அடைத்துக்கொள்ளும். நாமோ ஆப்பு போதவில்லை என்று இன்னும் ஓங்கி அடிப்போம். அந்த அழுத்தத்தில் கட்டையே வளையும், சில நேரம் கன்னம், அதாவது வாயின் இருபுறச் சுவர், பிளந்துவிடும். ஆப்பை லேசாகத் தட்டிவிட்டு, நுனியருகே ஒரு காகிதத் துண்டை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் ஆப்பின் மேற்பகுதியைத்தான் சீவிக் குறைக்க வேண்டும், நுனியைத் தொடக் கூடாது. தகட்டின் முதுகும் கட்டையில் அது சாய்ந்திருக்கும் சாய்வில் முழுதாக உட்கார வேண்டும். அதற்கு விளக்குக் கரியைத் தகட்டில் பூசி வைத்து எடுங்கள். சாய்வில் கரி ஒட்டிய மேடுகளை மட்டும் உளியால் சுரண்டுங்கள். பொறுமை வேண்டிய வேலை இது. ஒரு மாலை முழுதும் போனாலும் போகட்டும்.

அடியை மட்டம் செய்யும்போது தகட்டை உள்ளே இழுத்து, ஆப்பை வழக்கமான இறுக்கத்தில் வைத்தே தேயுங்கள். வெறும் கட்டையைத் தேய்த்தால், ஆப்பு இறங்கியதும் மட்டம் மாறிவிடும். கண்ணாடித் தட்டின் மேல் உப்புத்தாள் போதும்.

தகடு இறங்க அதன் தலையில் சிறு சுத்தியால் தட்டுங்கள். ஏற, கட்டையின் பின்முகத்தில் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியால்) ஒரு தட்டு. ஒவ்வொரு முறையும் ஆப்பை மெல்ல இறுக்கிவிடுங்கள். முன்னிருந்து அடியை ஒட்டிப் பார்த்தால் தகடு மயிரிழைக் கோடாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் தடித்தால் தகட்டின் பக்கத்தில் தட்டி நேராக்குங்கள். வேலை முடிந்ததும் ஆப்பைத் தளர்த்தி வையுங்கள், மழை மாதங்களில் கட்டாயமாக. ஈரத்தில் கட்டை ஊதும்போது இறுகிய ஆப்புதான் முதலில் பிளவை உண்டாக்கும்.