பேர்ண் கரடிகளை எப்படிப் பார்ப்பது?

சுவிஸுக்கு வருகிற சொந்தக்காரர் பலர் பேர்ணில் முதலில் கேட்பது கரடியைத்தான். ரயில் நிலையத்திலிருந்து 12ஆம் இலக்க பஸ் அங்கேயே போகும். ஆனாலும் பழைய நகருக்குள்ளால் நடந்து போங்கள். கொடியிலும் கரடி, நீரூற்றுத் தூணிலும் கவசம் போட்ட கரடி. 1513இல் இத்தாலியின் நோவாராவில் நடந்த போரில் வென்ற வீரர்கள் கொண்டுவந்ததிலிருந்து உயிருள்ள கரடிகளையும் இந்த நகரம் வைத்திருக்கிறது. 1798இல் பேர்ணைப் பிடித்த பிரெஞ்சுப் படை அவற்றைக்கூட விடாமல் பாரிசுக்குக் கொண்டுபோனது.

நீடெக் பாலம் முடிகிற இடத்தில் ஒரு வட்டக் கல் குழி இருக்கும். கடந்து போய்விடாமல் எட்டிப் பாருங்கள். 1857 முதல் 2009 வரை கரடிகள் வாழ்ந்த இடம் இதுதான். மேலிருந்து சனம் கரட் எறியும், கரடி குந்தியிருந்து கையேந்தும், சனம் சிரிக்கும். எனக்கு அந்தச் சிரிப்பு ஒருநாளும் பிடித்ததில்லை. அங்கே கடைசியாக இருந்த பெட்ரோ என்ற கரடி 2009 ஏப்ரலில் செத்தது. புதிய பூங்கா திறந்தது அதே ஆண்டு அக்டோபரில். அது பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

இப்போதைய இடம் ஆரே ஆற்றங்கரைச் சரிவு. ஏறத்தாழ 6000 சதுர மீற்றர். மரம், புல், குகை, நீந்தக் குளம். கட்டணம் இல்லை. கீழே ஆற்றோரப் பாதையில் நில்லுங்கள், குளம் அங்கேதான்.

ஒரே கரடியைப் பத்து நிமிடமாவது பாருங்கள். மண்ணைக் கிண்டுகிறதா, கல்லைப் புரட்டுகிறதா, நின்று மோப்பம் பிடிக்கிறதா? நல்லது. ஒரே தடத்தில் போய், ஒரே இடத்தில் தலையை ஆட்டித் திரும்பி, மறுபடி அதே தடத்தில் வருகிறதா? அடைபட்ட மிருகத்துக்கு வருகிற மன உளைச்சலாக இருக்கலாம். தீன் போடும் நேரம் நெருங்கினாலும் கதவடியில் அப்படி நடக்கும். ஆகவே தீன் கிடைத்த பிறகும் தொடர்கிறதா என்று பாருங்கள். பழைய கரடியென்றால் இடம் மாறினாலும் அந்தப் பழக்கம் லேசில் விடாது. எந்த மிருகக்காட்சிச்சாலைக்குப் போனாலும் இப்படிப் பார்க்கலாம்.

கரடி கண்ணில் படவில்லையென்றால் கோபிக்காதீர்கள், கூப்பிடாதீர்கள். ஒளிந்துகொள்ள இடம் கிடைத்ததுதான் குழிக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம். மார்கழி, தை மாதங்களில் வந்தால் பெரும்பாலும் உறக்கம்தான். நல்ல காலம் இலையுதிர் காலம். குளிருக்குக் கொழுப்புச் சேர்க்க நாள் முழுக்கத் தின்னும்.

பிள்ளைகளைத் தடுப்பில் ஏற்றிப் படம் எடுக்கவே கூடாது. 2009 நவம்பரில் ஒருவர் உள்ளே விழுந்து, அவரைக் காப்பாற்றப் போலீஸ் ஃபின் என்ற ஆண் கரடியைச் சுட வேண்டி வந்தது. இருவரும் பிழைத்தார்கள்; ஆனால் கரடி செய்த குற்றம் என்ன?

சுவிஸ் காட்டில் கரடி இருக்கிறதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். கடைசிக் கரடியை 1904இல் கிழக்கே கிராவுபுண்டன் மாநிலத்தில் சுட்டார்கள். 2005 முதல் இத்தாலிப் பக்கமிருந்து ஒன்றிரண்டு மலை தாண்டி வருகின்றன. மனிதருக்குப் பயப்படாமல் ஊருக்குள் வந்ததென்று எம்13 என்ற இளங்கரடியை 2013இல் சுட்டுக் கொன்றார்கள்.