பழைய காருக்கு வீட்டிலேயே பெயின்ட்: பானட்டில் தொடங்குங்கள்

பழைய டாட்சன் 120ஒய் ஒன்றை வாங்கி மீட்டெடுக்க இறங்குபவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஸ்ப்ரே கன் நல்லது?" என்பதுதான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இந்த வேலையில் பெயின்ட் அடிப்பது கொஞ்ச நேரம், மிச்சமெல்லாம் தேய்ப்பது. முழுக் காரையும் ஒரேயடியாகத் தொடாதீர்கள். பானட்டை மட்டும் கழற்றிப் பழகுங்கள். படுக்கையாக வைத்து அடிக்கலாம், பெயின்ட் வழியாது.

இடம்? சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் கார் நிறுத்துமிடம் இதற்கு ஆகாது. தரைவீட்டு போர்ச் உள்ள உறவினரோ நண்பரோ இருந்தால் பேசிப் பாருங்கள்.

முதலில் சோப்பு போட்டுக் கழுவி, கிரீஸ் நீக்கும் திரவத்தால் துடையுங்கள். மெழுகு ஒட்டியிருக்கும்போதே தேய்த்தால் அது கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்து, துரு உள்ள இடங்களை 80 எண் உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்து, ஓரங்களை 180, 320 என்று மென்மையாக்குங்கள். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. தூசுக்கான நல்ல முகமூடி போடுங்கள், தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

நம் ஊர்க் காற்றில் வெற்று இரும்பை மறுநாள்வரை விட்டுவைக்கக் கூடாது. அன்றைக்கே எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிடுங்கள். பள்ளங்களுக்கு அதன்மேல் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசலாம். பட்டி தண்ணீரை உறிஞ்சும் என்பதால் அதைக் காய்ந்தபடியே தேய்க்க வேண்டும்.

அப்புறம் தடிமனான நிரப்பு பிரைமர், இரண்டு மூன்று பூச்சு. அது நன்றாகக் காய்ந்ததும் மேலே கறுப்பு ஸ்ப்ரேயை லேசாகத் தூவி, கட்டையில் சுற்றிய 400 எண் தாளால் தேயுங்கள். கறுப்பு எங்கே மிஞ்சுகிறதோ அங்கே இன்னும் பள்ளம் இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாத நெளிவுகூட இப்படிச் செய்தால் பிடிபடும். கறுப்பு முழுதும் போனபின் 600-இல் முடியுங்கள். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் பளபளப்பு வந்ததும் எல்லா நெளிவும் வெளியே தெரியும்.

நிறத்துக்கு, பெட்ரோல் மூடியைக் கழற்றிப் பெயின்ட் கடைக்கு எடுத்துப் போங்கள். பெயின்ட் குறியீட்டை மட்டும் நம்பினால், பல வருட வெயிலில் மங்கிய மற்ற பாகங்களோடு அது ஒட்டாது.

அடிக்கும் நேரம்தான் சிங்கப்பூரில் பெரிய சிக்கல். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிரும், காற்றின் ஈரம் அதில் படிந்து பால் போல வெளுத்துவிடும். விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத நண்பகலுக்குப் பின் வெகுவாகக் குறையும். அதனால் மதியம், நிழலில் அடியுங்கள்; ஸ்ப்ரே கன் என்றால் மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலந்துகொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரி மழையில் தேய்க்கும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ப்ரே கன்னோ ஸ்ப்ரே டின்னோ, ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். பானட்டின் ஒரு ஓரத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறு ஓரத்தைத் தாண்டியபின் விரலை எடுங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும். முதல் பூச்சு மெல்லியதாக, அடியில் உள்ளது தெரிகிற மாதிரி இருந்தால் போதும். டின்னில் வேறு மாதிரி சொல்லாவிட்டால், பூச்சுக்குப் பூச்சு 10 முதல் 15 நிமிடம் விடுங்கள்.

கடைசிப் பூச்சான கிளியரில் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) கவனம். ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலக்கும் 2கே வகையில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது, சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. வீட்டில் ஹார்டனர் இல்லாத 1கே கிளியர் போதும் என்பேன், பெட்ரோல் பட்டால் கரையும் என்றாலும். 2கே-தான் வேண்டுமென்றால் தேய்த்து முடித்த பானட்டை சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ ஒரு பட்டறையில் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள்.

நன்றாக இறுகியபின் 2000 எண் தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போடுங்கள். மெழுகு ஒரு மாதம் கழித்துப் போதும். காரின் நிறத்தையே மாற்றுவதாக இருந்தால் மட்டும் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் தெரிவிக்க மறக்காதீர்கள்.