துறையில் நிற்கும் ‘கிரேட் பிரிட்டன்’: எண்ணெய் வண்ணத்தில் வரைய

எந்த ஆண்டுக் கப்பல் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். 1843 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மிதக்கவிட்ட இந்த இரும்பு நீராவிக் கப்பலுக்கு முதலில் ஆறு பாய்மரம், ஒரு புகைபோக்கி. 1852ல் நான்கு பாய்மரம், இரண்டு புகைபோக்கி. பிறகு மூன்றே பாய்மரம். இன்று பிரிஸ்டல் உலர்துறையில் (தண்ணீர் வடித்த கப்பல் துறையில்) நிற்பது பழைய ஆறு பாய்மரத் தோற்றத்துக்கு மீட்ட உடல். கிடைத்த படங்களையெல்லாம் கலந்தால், எந்த ஆண்டிலும் இல்லாத கப்பல்தான் வரும்.

புகைப்படக் கலையின் முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் 1844ல் எடுத்த இந்தக் கப்பலின் புகைப்படம் நல்ல ஆதாரம், ஆனால் வடிவத்துக்கு மட்டும். அந்தக் காலத்துக் காகித நெகட்டிவ் நீல ஒளியைத்தான் நன்றாக வாங்கும். வானம் வெளுத்துவிடும், சிவப்பும் பழுப்பும் கருத்துவிடும். வண்ணத்தை அதிலிருந்து எடுக்காதீர்கள்.

24×36 அங்குலக் கேன்வாஸில் பக்கவாட்டுத் தோற்றம் என்றால் ஒரு அங்குலத்துக்கு 14 அடி என்று வைத்துக்கொள்ளலாம். 322 அடிக் கப்பல் 23 அங்குலம் வரும். பக்கத்தில் நிற்கும் ஆள் 10 மில்லிமீட்டர்தான். கப்பல் சின்னதாகத் தெரிகிறதே என்று பலர் குழம்புவார்கள். பெரும்பாலும் ஆட்களைப் பெரிதாகப் போட்டதுதான் காரணம். பாய்மரங்களின் அடி, தளத்தின் நடுக்கோட்டில் நிற்க வேண்டும். விளிம்பில் நட்டால் கப்பல் அட்டைப் படம் மாதிரி தட்டையாகிவிடும். ஆறில் முன்னிருந்து இரண்டாவதற்கு மட்டும் குறுக்குக் கம்புகள்.

இரும்பு எங்கே காட்டிக்கொடுக்கும்? தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிந்திருக்கும் விளிம்புகளில். அவை உடலின் நீளவாக்கில், அதன் வளைவோடு சேர்ந்து போகும். ஒவ்வொரு விளிம்புக்கும் கீழே மெல்லிய நிழல், மேலே விட்டுவிட்டு ஒளி, அவ்வளவு போதும். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளைப் போடாதீர்கள். ஒரு அங்குலத் தலைகூட இந்த அளவில் 0.15 மில்லிமீட்டர்தான், புள்ளி வைத்தால் அம்மை போட்டது போலாகும்.

உடலின் கருப்புக்குக் கருப்பு டியூப் வேண்டாம். பர்ன்ட் அம்பரும் (கரும்பழுப்பு) அல்ட்ராமரினும் (அடர்நீலம்) சம அளவு கலந்து, வானம் படும் மேல்பக்கத்தில் நீலத்தைக் கூட்டுங்கள், தண்ணீருக்கு அருகே அம்பரைக் கூட்டுங்கள். சந்தேகம் வந்தால் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி ரயிலின் நீராவி எஞ்சினைக் காலை வெயிலில் போய்ப் பாருங்கள். பெயின்ட் அடித்த கருப்பு இரும்பில் முழுக் கருப்பு எவ்வளவு குறைவு என்று தெரியும். வெயிலை மட்டும் அங்கிருந்து எடுத்து வராதீர்கள். பிரிஸ்டலில் சூரியன் கோடை உச்சியிலேயே சுமார் 62 பாகைதான் ஏறும், டிசம்பரில் 15 பாகை. கோயம்புத்தூர் உச்சி வெயிலின் குட்டை நிழல் அங்கே பொருந்தாது.

பிரதிபலிப்பை நீர்க்கோட்டிலிருந்து அளந்துகொள்ளுங்கள், கல்சுவரின் மேல்விளிம்பிலிருந்து அல்ல. இருட்டுப் பொருள் தண்ணீரில் சற்று வெளுத்தும், வெளிச்சப் பொருள் சற்று மங்கியும் தெரியும். கப்பலைத் தலைகீழாக நகல் எடுத்தால் தப்பு, ஏனென்றால் பின்பக்கத்தின் வெளிநீட்டலுக்கு அடிப்பாகம் தண்ணீரில்தான் தெரியும். காற்று கிளம்புமுன் உக்கடம் பெரியகுளத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் இந்த மூன்றும் பிடிபட்டுவிடும். கட்டிவைத்த கப்பலில் புகையைக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாமலேயே இருந்தாலும் சரிதான். கப்பலைத் தள்ளும் 15½ அடிச் சுழலி (புரொப்பெல்லர்) உலர்துறையில்தான் வெளியே தெரியும்.

கயிறுகள் கடைசி. இதில் கட்டியது இரும்புக் கம்பி. சணல் கயிற்றைவிட மெல்லியது. நீள முடி கொண்ட ரிக்கர் பிரஷ், 0 அல்லது 1 எண். வண்ணத்தை டர்பன்டைனும் ஒரு சொட்டு லின்சீட் எண்ணெயும் விட்டு மை பதத்துக்குக் கொண்டுவந்து, மரக்கோலில் கையை ஊன்றி ஒரே இழுப்பாக இழுங்கள். கீழ் அடுக்கு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோடு பரவிவிடும். கீழே எண்ணெய் குறைவாகவும் மேலே அதிகமாகவும் இருக்க வேண்டும். தலைகீழானால், மேல்பூச்சு முதலில் இறுகி, அடியில் எண்ணெய் மெல்லக் காயும்போது வெடிக்கும்.

ஆடிக் காத்தில் பல்லடம், உடுமலைப் பக்கம் தூசி வந்து ஈர வண்ணத்தில் ஒட்டும். படத்தைச் சுவரைப் பார்த்துச் சாய்த்துவையுங்கள். வார்னிஷ் ஆறு மாதம் கழித்துத்தான். ஓரத்தில் டர்பன்டைன் நனைத்த பஞ்சால் லேசாகத் தொட்டுப் பாருங்கள், நிறம் ஒட்டினால் இன்னும் காயவில்லை.