கடைசி செட்டு யாருக்கு? மூன்று நிமிட சிரிப்பு எபிசோடு வரையும் முறை

விளையாட்டு அனிமே தொடர்களுக்கு நடுவே ஓவிஏ என்று, டிவி வரிசையில் சேராமல் தனி வீடியோவாக வரும் எபிசோடுகள் பலவற்றில் மேட்ச்சே இருக்காது. அதே பசங்க, அதே வெறி. ஆனால் வெறி காட்டும் விஷயம் மட்டும் சில்லறை விஷயம். சிரிப்பு வருவது அதனால்தான். இதைப் பிடிக்காமல் புதுப்புது ஜோக்குகளை எழுதித் திணித்தால் காமெடி சேனல் வீடியோ மாதிரி ஆகிவிடும். மேட்ச்சின் மும்முரம், ஸ்லோமோஷன், மனசுக்குள் பேச்சு, ஓரத்தில் நின்று வர்ணிக்கும் ஆள் என எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு பந்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இங்கே பந்துக்குப் பதில் தட்டுவடை செட், அதாவது இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும் வைத்துத் தரும் தின்பண்டம். ஈரோட்டுப் பக்கம் ஒரு அரசுப் பள்ளி வாலிபால் அணி, பிராக்டிஸ் முடிந்து தள்ளுவண்டிக் கடை முன்னால் நிற்கிறது. "கடைசி செட்டுதான் இருக்குது கண்ணு" என்கிறார் கடைக்காரர். அந்தச் சொல் காதில் விழுந்ததும் ஆறு பேரும் கோர்ட்டில் நிற்கும் அவரவர் இடத்துக்குத் தானாக நகர்கிறார்கள். அதற்குமேல் சண்டை போட விடாதீர்கள். "நீங்க எடுத்துக்கோங்ணா", "போச்சாது கண்ணு, நீயே சாப்புடு" என்று வாய் மரியாதையாக விட்டுக்கொடுக்க, கை மட்டும் தட்டை நோக்கி ஊர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கொங்கு மரியாதையே ஒரு ராலி, அதாவது பந்து விழாமல் மாறி மாறிப் போய்வரும் ஆட்டம், ஆகிவிடும்.

முதலில் இந்த எபிசோடு உங்கள் கதையில் எங்கே விழுகிறது என்று முடிவு செய்யுங்கள். 'குரோக்கோவின் பாஸ்கெட்பால்' ஓவிஏவுக்கு 22.5 என்று எண் கொடுத்தது போல, இரண்டு எபிசோடுகளுக்கு நடுவே சொருக வேண்டும். அடுத்த மேட்ச்சின் முடிவையோ, ஒருத்தருக்கு ஆன காயத்தையோ இதில் தொடாதீர்கள். இதைப் பார்க்காதவர்களுக்கும் அடுத்த எபிசோடு புரிய வேண்டும். ஆறு பேருக்கும் வசனம் கொடுப்பதும் வேண்டாம். கேப்டன், லிபரோ (பின்வரிசையில் பந்தைத் தடுத்து எடுப்பதற்கென்றே நிற்கும் ஆட்டக்காரர்), உயரமான ஜூனியர் என்று மூன்று பேர் பேசினால் போதும். மற்ற மூவரும் முகத்தால் பேசட்டும்.

எத்தனை படம் வேண்டும்

மூன்று நிமிடம் என்றால் 180 விநாடி. விநாடிக்கு 24 ஃபிரேம் வீதம் 4,320. இதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் கைவிடுகிறார்கள். அத்தனையும் வரையத் தேவையில்லை. ஒரு படத்தை மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 8 படம்தான். ஷாட்டுக்குச் சராசரி 4 விநாடி வைத்து 45 ஷாட்டாகப் பிரித்து, அதில் 8 ஷாட்டில் மட்டும் முழு அசைவு கொடுங்கள். 8 × 4 × 8 = 256 படம். மிச்சம் 37 ஷாட்டும் நின்ற படம், வாய் அசைவு, பின்னணியை நகர்த்துவது, இவ்வளவுதான். கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ் இரண்டும் இலவசம். இரண்டில் எதிலும் இதை முடிக்கலாம்.

உருவம் சிபி, அதாவது பெரிய தலையும் குட்டி உடம்புமாக வரையும் பாணி. இரண்டரைத் தலை உயரம்: தலை ஒரு பங்கு, உடம்பு முக்கால், கால் முக்கால். மூக்கு வேண்டாம். விரல்களைப் பிரிக்காமல் கையுறை மாதிரி வரைந்தால் போதும். ஆனால் தட்டுவடையைப் பிடிக்கும் ஷாட்டில் மட்டும் கட்டைவிரல் தனியாகத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அது கையில் ஒட்டிக்கொண்டது போல இருக்கும். சிபியில் வரும் பெரிய சிக்கல், எல்லாரும் ஒரே ஆளாகத் தெரிவது. ஜெர்சி எண், முடி வெட்டு, புருவம் மூன்றும் மாறக் கூடாது. உயர வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டுங்கள்: ஜூனியர் மூன்று தலை, லிபரோ இரண்டு தலை. லிபரோவின் ஜெர்சி நிறம் மற்றவர்களுக்கு மாறாக இருக்க வேண்டும் என்பது ஆட்ட விதி. அதைக் கடையிலும் விடாதீர்கள்.

1920 × 1080 பரப்பில் கோடு 5 அல்லது 6 பிக்சல். நிழல் போடாமல் ஒரே நிறமாக நிரப்புங்கள். நிழலை ஒரே ஒரு இடத்துக்கு மிச்சம் வையுங்கள். கேப்டனின் கை தட்டைத் தொடும் அந்த மூன்று விநாடிக்கு மட்டும் சிபியை விட்டு முழு ஆளாக, ஏழு தலை உயரத்தில், நிழலும் வேர்வையும் சேர்த்து வரையுங்கள். அடுத்த ஃபிரேமே மறுபடி சிபி. நடுவில் டிசால்வ் போட்டு ஒன்றை மற்றொன்றில் கரைத்தால் செத்துவிடும். டக்கென்று வெட்டுங்கள்.

தட்டுவடை பறக்கும் ஷாட்

எபிசோடே இதற்காகத்தான், அதனால் நேரத்தை இங்கே செலவிடுங்கள். தட்டு கவிழ்கிறது, லிபரோ பாய்ந்து முன்கையால் மேலே தட்டுகிறார், ஜூனியர் விரல் நுனியால் தூக்கிக் கொடுக்கிறார், கேப்டன் குதிக்கிறார். மூன்று தொடுகை, வாலிபாலில் ஒரு அணிக்கு உள்ள கணக்கு அதுவே. 24 படம், ஒவ்வொன்றும் மூன்று ஃபிரேம், மொத்தம் மூன்று விநாடி.

இரண்டு தட்டுவடையையும் தனித்தனி லேயரில் வையுங்கள். நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம் இன்னொரு லேயர். வடை மேலே போகும்போது துருவல் இரண்டு படம் தாமதமாகப் பின்தொடர வேண்டும். உச்சியில் வடை நிற்கும் கணத்தில் துருவல் வந்து சேர்ந்து, லேசாக விரிந்து, பிறகு விழ ஆரம்பிக்கும். எல்லாம் ஒரே வேகத்தில் போனால் அட்டையை வெட்டித் தூக்கிப் போட்டது போல இருக்கும். பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி இரண்டுக்கும் ஒவ்வொரு சொட்டு போதும். அதிகம் தெறித்தால் கண் வடையை விட்டுவிடும்.

பிடித்ததும் நிறுத்தம். கை நீள்வதற்கு முன் பின்வாங்க 12 ஃபிரேம், பிடிக்க 2, பிறகு அசைவில்லாமல் 30. அந்த முப்பதைக் குறைக்கத்தான் எடிட்டிங்கில் கை பரபரக்கும், குறைக்காதீர்கள். வீடியோ நின்றுவிட்டதோ என்று பார்ப்பவர் நினைக்காமலிருக்க, பின்னணிச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஒரு ஆள் மட்டும் கண் சிமிட்டட்டும்: மூன்று படம், ஒவ்வொன்றும் இரண்டு ஃபிரேம்.

வாய்க்கு மூடியது, பாதி, முழுசாகத் திறந்தது என மூன்று படம் போதும். மூன்று ஃபிரேமுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ம, ப வரும் இடத்தில் மூடிய வாய் விழுந்தால் மிச்சத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். "சாப்புடு"வில் வாய் திறந்தே கிடந்தால் உடனே தெரியும்.

குரலை முதலில் பதிவு செய்துவிட்டு அதற்கு ஏற்ப வரையுங்கள், மாற்றிச் செய்தால் இரட்டை வேலை. பல்லடம், சோமனூர், பள்ளிபாளையம் பக்கம் இருப்பவர்கள் தறி நிற்கும் நேரம் பார்த்துப் பதிவு செய்யுங்கள். தறிச் சத்தத்தைப் பிற்பாடு மென்பொருளால் எடுக்கப் போனால் குரலும் சேர்ந்து தகரமாகும். ஆடிக் காற்றில் மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். அறைக்குள் ஃபேனை நிறுத்தி, பேசுபவருக்குப் பின்னால் கொடியில் ஒரு பவானி ஜமக்காளத்தைத் தொங்கவிட்டால் எதிரொலி கணிசமாகக் குறையும். மைக் வாயிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர், நேர் முன்னால் இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில். நேராக வைத்தால் 'ப'வுக்கெல்லாம் புஸ்ஸென்று காற்று அடிக்கும். நடிப்பவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: யாரும் சிரிப்பு வரவழைக்கப் பேசக் கூடாது. மாவட்டப் போட்டி இறுதி ஆட்டத்தில் பேசுவது போலத்தான் "சரிங்ணா" வர வேண்டும்.

பின்னணி இசைக்கு இருக்கிற தொடரின் பாட்டை எடுத்துப் போட்டால் பதிவேற்றியதும் உரிமைப் புகார் வரும். சொந்தமாக ஒரு பறையோ உறுமியோ அடித்துப் பதிவு செய்தால் அந்தத் தொல்லை இல்லை, ஆட்டத்தின் சூடும் கிடைக்கும்.

கடைசி 15 விநாடிக்கு அடுத்த எபிசோடு முன்னோட்டம் என்று ஒரு டூப் போடலாம். ஏற்கெனவே வரைந்த ஷாட்டுகளை இடவலமாகத் திருப்பி, பெரிதாக்கி, மேலே கம்பீரமான குரலில் "அடுத்த ஆட்டம்: காளான்" என்றால் முடிந்தது. திருப்பும்போது ஜெர்சி எண் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறிவிடும், அதை மட்டும் சரி செய்துவிடுங்கள்.